இங்கிலீஷில் சொல்லு என்றேன்

அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் நான். கால்மாட்டில் பரீட்சைக்கு வந்த டாக்டர் பெண். அவளுக்கு எதிரே, மார்க் போடுவதற்காக வெளி மாநிலத்திலிருந்து வந்த பெரிய டாக்டர். அவர் பக்கத்தில், எனக்கு ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரம்மா. திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் குடலிறக்கம் உள்ள ஒரு பெரியவர். கதவோரம் ஒரு ஆயா. அந்த ஆயா, என் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் சின்னம்மா.

மூன்று வருஷம் ஆகிறது. சித்திரை மாசம். அரியலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

எனக்குக் குன்னம் பக்கம். மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம். ஐந்தாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள்.

பருத்தி எடுக்கும்போது, தோளிலிருந்து மாருக்குக் குறுக்கே கட்டிய மடியின் முடிச்சு இடது பக்கம் உறுத்தியது. முடிச்சை வலது பக்கம் மாற்றிக் கட்டினேன். அப்புறமும் உறுத்தியது. கை வைத்துப் பார்த்தேன். முடிச்சு இல்லை. மாரில் கட்டி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

"கேன்சர்ங்கம்மா. பரவல. எடுத்துரலாம்."

"வெங்காய நடவுக்குள்ள எந்திரிச்சுருவேனா?"

"நடவு பாக்கலாம். நடக் கூடாது."

சரி என்றேன். அழவில்லை. அழுதால் வீட்டுக்காரர் லாரி ஓட்ட மாட்டார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, அக்கா, தங்கச்சி, சித்தி, பெரியம்மா, யாருக்காவது இந்த மாரி இருந்துச்சா?"

"இல்லைங்க."

பொய். என் அக்காவுக்கு இருந்தது. திருப்பூரில் வாக்கப்பட்டவள். முப்பத்தாறு வயதில் செத்துப் போனாள். ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகத்தான் இருந்தது. அதனால் சொல்லச் சுலபமாக இருந்தது. அவள் பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படித்தான் சொன்னோம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை திருமழபாடிப் பக்கம். நல்ல இடம். எனக்கு நோய் என்று தெரிந்ததும் சம்பந்தி வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முகம் கோணவில்லை. ஒருத்திக்கு வந்தால் அது அவள் தலையெழுத்து. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் வந்தால் குடும்பத்தில் ஓடுகிறது என்பார்கள். அப்புறம் பெண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் இதனால் நின்றுபோன கல்யாணம் உண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் சின்னம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை. எங்கள் வார்டிலேயே. தினம் மூன்று தடவை என் கட்டிலுக்கு வருவார். பாசமாகத்தான் பேசுவார். ஆனால் என் கட்டிலில் தொங்குகிற அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள். அட்டையில் 'இல்லை' என்று இருந்தவரைக்கும் எனக்குப் பயம் இல்லை.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது டாக்டரம்மா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆபரேஷன் டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்குப் பரீட்சை. நீங்க கேஸா இருக்கீங்களா? இஷ்டம் இல்லன்னா வேணாம்."

"என்ன செய்யணும்?"

"படுத்திருக்கணும். கேட்டா பதில் சொல்லணும். நோவு பேரை மட்டும் சொல்லக் கூடாது. அதை அவங்க கண்டுபிடிக்கணும்."

"தெரிஞ்சதையே கண்டுபுடிக்கச் சொல்றீங்களா?"

"எல்லாப் பரீட்சையும் அப்படித்தானம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றேன். வேறு வேலை என்ன. அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். இங்கே படித்துவிட்டு, இங்கிலாந்துக்குப் போய் மார் ஆபரேஷன் மட்டும் சில வருஷம் கற்றுக்கொண்டு வந்தாராம்.

"அது மட்டுமா? வேற எதுவும் தொட மாட்டாங்களா?"

"அங்க அப்படித்தான். முதல்ல எல்லா ஆபரேஷனும் கத்துக்கணும். அப்புறம் வருசக் கணக்கா மார் மட்டும். கட்டியை எடுக்கவும் அவங்கதான், எடுத்த எடத்தைச் சரிபண்ணித் தைக்கவும் அவங்கதான். ஜெர்மனியில பிரசவம் பாக்குற டாக்டருங்களே மார் ஆபரேஷனும் செய்வாங்க. ஊருக்கு ஒரு மாரி."

"இங்க?"

"இங்கயா? நான் இன்னைக்குக் காலைல ஒருத்தருக்குக் குடல், அப்புறம் ஒரு அம்மாவுக்கு மார், மத்தியானம் லாரில அடிபட்டவருக்குக் கால். எல்லாம் இந்த ரெண்டு கைதான்."

"எங்க வூட்டுலயும் அப்படித்தாங்க. உழவும் நாந்தான், மருந்தடியும் நாந்தான், மூட்டையும் நாந்தான்."

சிரித்தார். அப்புறம் ஒன்று சொன்னார். இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கை சீக்கிரம் பழகிவிடுமாம். அங்கே பத்து நாளில் பார்க்கிற கூட்டம் இங்கே ஒரு காலையில் வந்துவிடுமாம். ஆனால் அங்கே கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம்.

"அங்க பரீட்சைக்குப் பாதி நேரம் நெசமான நோயாளி இருக்க மாட்டாங்க. நடிக்கிறவங்களை உக்கார வெப்பாங்க. இப்படிக் கேட்டா பதில் சொல்லணும், அப்படிக் கேட்டா மறைக்கணும்னு எழுதிக் குடுத்துருப்பாங்க."

"மறைக்கவுமா?"

"ஆமா. மறைச்சதை நோகாம வெளிய கொண்டாரணும். அதுக்குத் தனி மார்க்கு."

எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு பெரிய அறையில் திரை கட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்துத் திரைக்குள் இருந்த பெரியவருக்கு இது ஐந்தாவது பரீட்சையாம். குடலிறக்கத்தை ஆபரேஷன் செய்யாமல் வைத்துக்கொண்டே பரீட்சைக்கு மட்டும் வருகிறார். கவனிப்பு நன்றாக இருக்கிறது என்றார். யாராவது உள்ளே போனால் அவரே ஆரம்பித்துவிடுவார்.

"தம்பி, நிக்க வெச்சுப் பாரு. இருமச் சொல்லு. வலது பக்கம் மட்டும் பாத்துட்டு ஓடிராத, இடதையும் பாரு. போன தடவ ஒருத்தன் அதுலதான் போனான்."

"பெருசு, சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்றார் ஆயா.

"நான் எங்க சொன்னேன்? இருமலு வந்துச்சு, இருமுனேன்."

என்னிடம் முதலில் ஒரு பையன் டாக்டர் வந்தான். நல்ல பையன்தான். கை ஐஸ் மாதிரி இருந்தது. ஆயா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆண் டாக்டர் பார்த்தால் ஒரு பெண் கூட நிற்க வேண்டும் என்பது சட்டம். பேர், ஊர், எத்தனை நாள், வலி உண்டா என்று மளமளவென்று கேட்டான். குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்டான். இல்லை என்றேன். எழுதிக்கொண்டான். போய்விட்டான். அவன் ஒப்பித்ததற்குப் பெரிய டாக்டர் தலையாட்டினார்.

அடுத்து அந்தப் பெண் வந்தாள். ஒல்லி. சுடிதார் மேல் வெள்ளைக் கோட்டு. தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வந்ததும் என்னைத் தொடவில்லை.

"ஆயாம்மா, ஒரு சொம்பு வெந்நீர் கிடைக்குமா? கை ரொம்பச் சில்லுனு இருக்கு. அம்மாவுக்குக் கூசும்."

வெந்நீருக்கு வார்டுக் கோடி வரை போக வேண்டும். ஆயா முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டாள். ஸ்டூலை என் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கேள்வியை வேறு மாதிரி கேட்டாள்.

"அம்மா, உங்க கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"ஆறு பேரு. அண்ணன், அக்கா, நானு, ரெண்டு தங்கச்சி, ஒரு தம்பி."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"அக்கா இல்ல."

"எத்தன வயசுல போனாங்க?"

"முப்பத்தாறு."

"எதனாலம்மா?"

"மஞ்சக்காமால."

எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"மஞ்சக்காமாலைக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு கை வீங்குச்சாம்மா?"

அக்காவின் இடது கை தலையணை மாதிரி வீங்கிக் கிடந்தது. வளையலை அறுத்து எடுத்தோம். அந்தக் கையை மடியில் வைத்து நான்தான் விசிறினேன். இந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

"ஆமாம்மா," என்றேன். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மாரில் புண் ஆனது, மருந்துக்கு மசியாதது, ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னது, எல்லாம்.

"இதை நான் அங்க சொல்லலாமா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். அவளுக்குப் பரீட்சை. எனக்கு ஆயா.

"சொல்லிக்க. தமிழ்ல மட்டும் சொல்லிராத. இங்கிலீஷ்ல சொல்லு. அந்த ஆயா எங்க சம்பந்தி வூட்டு ஆளு. பொண்ணு கல்யாணம் ஆவணில."

"சரிம்மா. இங்கிலீஷ்லதான் சொல்லணும்."

ஆயா சொம்போடு வந்தார். அவள் கையை வெந்நீரில் வைத்துத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சூடான கை. நோகவில்லை. நல்ல பக்கத்தை முதலில் பார்த்தாள். அக்குள் இரண்டையும் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டரும் டாக்டரம்மாவும் வந்தார்கள். ஆயா கதவோரம் நின்றார். அந்தப் பெண் இங்கிலீஷில் ஒப்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிம்மதியாக இருந்தது. நல்ல ஏற்பாடு செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். என் அட்டையை எடுத்துப் புரட்டினார். இங்கிலீஷில் ஏதோ அதட்டினார். அவள் ஏதோ சொன்னாள். இன்னும் பலமாக அதட்டினார். டாக்டரம்மாவின் முகம் மாறியது. அப்புறம் பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். மலையாளம் கலந்த தமிழில், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"அம்மா, இந்தக் குட்டி சொல்லுது, உங்க சேச்சிக்கு, அக்காவுக்கு, இதே அசுகம், மார்ல கேன்சர், மரிச்சுப் போச்சுன்னு. உள்ளதா? அட்டையில இல்ல. முன்ன வந்த பையனும் இல்லன்னு சொன்னான். ரெண்டு பேரு பொய்யா, இது பொய்யா?"

கதவோரம் ஆயா நிமிர்ந்து நின்றார்.

இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் திருப்பிக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகள் முகம் வந்தது. நிச்சயத்தன்று கட்டின பச்சைப் புடவை வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கூட இருமவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆயாவைப் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டரிடம் சொன்னாள். இது மட்டும் தமிழில்.

"சார், நான் தப்பாக் கேட்டிருக்கலாம் சார். விட்ருங்க சார்."

"பரீட்சையில கதை உண்டாக்கிச் சொன்னா எந்தா ஆகும் தெரியுமோ?"

"தெரியும் சார்."

பேனாவை அழுத்திப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது. அவளுக்கு எத்தனை வருஷப் படிப்பு என்று எனக்குத் தெரியாது. என்னை அரை மணி நேரம்தான் தெரியும். எனக்காக அதைக் கீழே போடத் துணிந்துவிட்டாள். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"சார். அந்தப் பொண்ணு சொன்னது நெசம். எங்க அக்காவுக்கு இதுதான். இதுலதான் செத்தா. நாந்தான் மறைச்சேன். அட்டையில பொய் சொன்னது நானு. அந்தத் தம்பிகிட்டச் சொன்னதும் பொய்யி. இவகிட்ட மட்டும் சொன்னேன். இவ கேட்ட மாரி யாரும் கேக்கல."

பெரிய டாக்டர் அட்டையைத் திரும்பவும் பார்த்தார்.

பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மார்க்கப் போடுங்க சார் அந்தப் புள்ளைக்கு!"

"நீங்க சும்மா இருங்க," என்றார் டாக்டரம்மா. ஆனால் சிரித்துவிட்டார்.

பெரிய டாக்டர் அந்தப் பெண்ணிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். சின்ன வயதில் செத்தது, மஞ்சள்காமாலை, அதற்கு முன்னால் கை வீங்கியது. மார்க் கட்டி அக்குளுக்கு ஏறினால் கை வீங்குமாம், ஈரலுக்குப் போனால் கண் மஞ்சளாகுமாம். அவர் என் அட்டையில் பழையதை அடித்துவிட்டுத் தன் பேனாவால் புதிதாக எழுதினார்.

"அட்டையும் பொய் சொல்லும், ஆளும் பொய் சொல்லும். இந்தக் குட்டி ரெண்டையும் தாண்டிப் போச்சு," என்றார். புறப்பட்டுப் போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அவள் பாஸ். அந்தத் தம்பியும் பாஸ். சாயங்காலம் டாக்டரம்மா வந்து சொன்னார். "அங்கயா இருந்தா அந்த வெந்நீருக்கே மார்க் உண்டு. இங்க அதுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அவரு எப்படியோ போட்டுட்டாரு." அப்புறம் கோபமாக ஒன்று கேட்டார். "உங்க அக்காவுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கு. திருப்பூர்ல. இருபத்தேழு வயசு. பனியன் கம்பெனில தைக்குது."

"இப்பவே போன் போடுங்க. என் முன்னாடி."

போட்டேன்.

"சித்தி, அம்மாவுக்கு மஞ்சக்காமாலன்னுதான சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் சாமி."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "எந்த பஸ்ஸுல ஏறணும்?" என்று மட்டும் கேட்டாள்.

சம்பந்தி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஆயா போனில் சொல்லியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். கூட யாரும் இல்லை. பழமும் இல்லை. வீட்டுக்காரர் எழுந்து நின்றார். சம்பந்தி உட்காரவில்லை.

"ஏம்மா, இதுக்கா மறைச்ச?"

"தப்புதாண்ணே. பொண்ணு வாழ்க்கன்னு பாத்தேன்."

"எங்க வம்சத்துல சக்கரை ஓடுது. எங்கப்பாவுக்குக் கால எடுத்தாங்க. எனக்கு இருக்கு. வழுக்கையும் ஓடுது. மாப்ளைக்கு முப்பதுல முடி போயிரும், இப்பவே எண்ணித்தான் சீவுறான். நாங்க சொன்னமா?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை.

"நோவு இருக்குறது தப்பில்ல. எங்கிட்ட மறைச்ச பாரு, அதுதான் வலிக்குது. சரி. பொண்ணுக்கும் டெஸ்ட் பாத்துரச் சொல்லு."

"பாத்துருவா. உங்களுக்காக இல்லண்ணே. அவளுக்காக."

சம்பந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இது பேச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காப்பி குடித்தார். சக்கரை இல்லாமல்.

சின்னம்மா ரெண்டு நாள் என் கட்டில் பக்கம் வரவில்லை. ஆபரேஷன் அன்று காலையில் வந்து தலை பின்னிவிட்டார். "நான் சொல்லாம இருந்தா என்னையும் பொய்க்காரின்னுருப்பாங்க சம்பந்தி," என்றார். நியாயம்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணும் நின்றாள். மயக்கம் வருவதற்கு முன்னால் என் கையைப் பிடித்திருந்தாள். அன்றைக்கும் கை சூடாகத்தான் இருந்தது.

அக்கா மகள் பஸ் ஏறி வந்தாள். கை வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஸ்கேனில் தெரிந்தது. மொச்சைக் கொட்டை அளவு. டாக்டரம்மா மாரை முழுதாக எடுக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் எடுத்து, இருந்த சதையை வைத்தே சரிசெய்து தைத்தார். இங்கிலாந்தில் கற்றுக்கொண்ட தையல் என்றார். அதையும் அந்தப் பெண் கூடவே நின்று பார்த்தாள். ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் பேச்சு வேறு என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். அவள் மருந்தெல்லாம் முடித்துவிட்டு, இப்போது மறுபடியும் கம்பெனிக்குப் போகிறாள். ஓவர்டைம் பார்க்காதே என்றால் கேட்பதில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான்.

மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. மருந்து ஏற்றியதில் தலை முழுக்க முடி கொட்டிப் போய், முக்காடு போட்டுக்கொண்டு நான் மணமேடையில் நின்றேன். மாப்பிள்ளை என் தலையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வளந்துரும் அத்தை, எனக்குத்தான் வளராது," என்றான். மகளுக்கு டெஸ்டில் என்ன வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. அவளுக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியும். நன்றாக இருக்கிறாள்.

அந்த டாக்டர் பெண் இப்போது வெளிநாட்டில் மார் ஆபரேஷன் மட்டும் படிக்கிறாளாம். முடித்துவிட்டு இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தது ஒரு பரீட்சைக்காக என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நானே போய் உட்கார்ந்து அக்கா எதனால் செத்தாள் என்று சொன்னேன். சில பேர் கதவைச் சாத்தினார்கள். மறுபடியும் போனேன். எங்கள் வகையறாவில் இதுவரை ஆஸ்பத்திரிக்குப் போய் மாரைக் காட்டிவிட்டு வந்த பெண்கள், பதினொரு பேர்.